ஆரஞ்சுத் தோலுக்கு எத்தனை அப்பன்?

அத்தியாயம் 6

ஊசிக்குப் பிடிக்காத மனிதர்களை வரிசையில் நிறுத்தினால் அந்த வரிசை தெருமுனையைத் தாண்டிப் போகும். முதல் இடத்தில் யார் என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறும். அன்று காலை பத்து மணிக்கு அந்த இடத்தைப் பிடித்தவர் ஒரு முதலாளி. தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசினார். அதில் நாலு நிமிடம் தன்னைப் பற்றித்தான் பேசினார்.

பழத்தோல் கம்பெனி முதலாளி. ஜூஸ் கடைகளும் ஜூஸ் ஆலைகளும் கொட்டுகிற ஆரஞ்சுத் தோலையும் மாதுளைத் தோலையும் லாரி லாரியாக அள்ளி வருவார். ஆரஞ்சுத் தோலில் எண்ணெய் எடுப்பார்; எண்ணெய் போன தோலில், ஜாமுக்கும் மாத்திரைக்கும் சேர்க்கிற பெக்டின் எடுப்பார்; அதற்கும் பிறகு மிஞ்சியதைப் பொடியாக்கி டப்பாவில் அடைப்பார். எடுப்பார் என்றால் அவர் எடுப்பதில்லை, ஆட்கள் எடுப்பார்கள். அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

விஷயம் இவ்வளவுதான். பெக்டின் எடுக்கக் கண்டுபிடித்த புது முறையை எழுதி வைத்திருந்த நோட்டு, ஆபீஸ் பீரோவிலிருந்து நேற்று சாயங்காலம் காணாமல் போய்விட்டது. கூடவே சுத்தம் செய்த தோல் எண்ணெய் ஒரு பாட்டில். இன்று மூன்று மணிக்குக் காப்புரிமை வக்கீல் வருகிறார். நோட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் பெயரை எழுதுவார். திருடியது யார் என்பதையும் முதலாளியே கண்டுபிடித்துவிட்டார்: லேபில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிற பெண்.

"துப்பறிய ஒண்ணுமே இல்ல மேடம். நோட்டை எடுத்துக் குடுத்து, அவதான் திருடின்னு ஒரு ரிப்போர்ட் எழுதினா போதும்" என்றார்.

ஊசி இருபது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவள். எவ்வளவு ஊதிப் பெருக்கிய கிளெய்மானாலும் அவள் மேசைக்கு வந்தால் காற்று இறங்கிவிடும் என்பதால் அங்கே வைத்த பெயர் அது. வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கியபோது பெயரும் கூடவே வந்தது, கணவரின் தம்பியும் கூடவே வந்தான். அவனுக்கு ரேடியோ என்று பெயர். காரணம் அவனோடு டாக்சியில் ஒருமுறை போனால் தெரிந்துவிடும்.

"ரிப்போர்ட் என்ன எழுதணும்னு அவரே சொல்லிட்டாரே அண்ணி. அடுத்த தடவை கையெழுத்தையும் அவரையே போடச் சொல்லிட்டா நாம வீட்லயே இருக்கலாம்" என்றான்.

*

டாக்சிக்காரர் ஆபீஸ் வாசலை விட்டுவிட்டு, பின்பக்கம் லாரி போகிற கேட்டில் இறக்கிவிட்டார். ரேடியோ எதிர்க் கடையில் ஒரு தெர்மாகோல் கப்பில் டீ வாங்கி உறிஞ்சிக்கொண்டே வந்தான். வாட்ச்மேன் ஊசியின் கைப்பையைத் திறந்தார், உள்ளே இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார், பேசாமல் மூடிக் கொடுத்தார். பிறகு ரேடியோவின் கப்பை வாங்கி, டீயை ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அவன் கையில் திணித்துவிட்டு, கப்பைக் கேட்டுக்கு வெளியே இருந்த தொட்டியில் போட்டார். தொட்டி நிறைய அதே மாதிரிக் கப்புகள்தான்.

"கத்தரிக்கோல் போகலாம், கப்பு போகக் கூடாதா?" என்று கேட்டான் ரேடியோ.

"போகக் கூடாது. பன்னெண்டு வருஷமா இதான் ரூல். டம்ளரைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க."

ரேடியோ நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று ஒரே மூச்சில் குடித்து டம்ளரைக் கொடுத்தான். முதலாளிக்குச் சுற்றுச்சூழல் மேல் அவ்வளவு அக்கறையா என்று வழியெல்லாம் வியந்தான். ஊசி வியக்கவில்லை. காரணம் சொல்லாமல் சட்டம் போடுவது, போடுகிற ஆளுக்கு மட்டும் சுகமான வேலை. அந்தக் கப்பையும் முதலாளியின் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டு மாடிக்கு ஏறினாள். சேர்த்த இடம் தப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மாடியில் கண்ணாடி அறை. சுவரில் பதினொரு படங்கள், பதினொன்றிலும் முதலாளி. ஒன்றில் மாதுளையை உற்றுப் பார்த்தார், ஒன்றில் மாதுளை அவரைப் பார்த்தது. மேசைமேல் கம்பெனியின் விளம்பரத் தாள் கிடந்தது. தோல் பொடி முடி கொட்டுவதை நிறுத்துமாம், மூட்டு வலியைத் தீர்க்குமாம், ஞாபக சக்தியைக் கூட்டுமாம், கணவன் மனைவி சண்டையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மருந்தாம்.

இதில் எது உண்மை என்று கேட்டாள் ஊசி. இயற்கை எல்லாவற்றுக்கும் நல்லது என்றார் முதலாளி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பாம்பு விஷமும் இயற்கைதான் என்று சொல்ல அவள் வாய் வரை வந்தது. தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர், நாலு வருஷமாக உற்பத்தி மேலாளர். தொழிலாளர்கள் முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை சார். வெள்ளைக் கோட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத கை, பணிவான குரல். மாமனார் பேசினால் அறை அதிரும். இவர் பேசினால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மெஷினில் காபி பிடித்து, மூடி போட்ட வெள்ளைத் தெர்மாகோல் கப்புகளில் தானே கொண்டுவந்து கொடுத்தார். ரேடியோ தன் கப்பை வாங்கி, யாரும் பிடுங்கிவிடப் போகிறார்கள் என்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"நாலு வருஷமா கீழதான் மேடம் கெடக்கறேன், தோலோட தோலா" என்றார் மாப்பிள்ளை. "அந்த நோட்டு என் கைப்பட எழுதினது. வேலைக்கு நடுவுல பென்சில்லதான் எழுத முடிஞ்சுது. அப்புறமா உக்காந்து ஒவ்வொரு பக்கத்துலயும் பால்பாயிண்ட் பேனாவால கையெழுத்துப் போட்டேன். மாமாவே பாத்தாங்க."

முதலாளி பார்த்ததாகத் தலையாட்டினார். முந்தாநாள் மாப்பிள்ளை கொண்டுவந்து காட்டினாராம், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் கையெழுத்து. நேற்று மத்தியானம் அந்தப் பெண் மேலே வந்து, நோட்டு என்னுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். சாயங்காலம் நோட்டைக் காணோம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்.

"அக்கா மேல சந்தேகப்பட எனக்கு மனசு வரல" என்று மாப்பிள்ளை இழுத்தார். "இருந்தாலும், லாக்கரை ஒரு தடவை பாத்துட்டா நல்லது."

லாக்கர்களின் மாற்றுச் சாவிகள் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகையில், எண் ஒட்டி, வரிசையாகத் தொங்கின. அதாவது யார் லாக்கரை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஊசிக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. இவ்வளவு பெரிய வாய் உள்ள ஆளுக்குக் கை சுத்தமாக இருக்கவே முடியாது என்று முடிவு கட்டிவிட்டாள். இந்த முதலாளியைக் கையும் களவுமாகப் பிடித்து, அந்தப் பதினொரு படங்களுக்கு முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகவே இருந்தது.

*

உள்படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கினார்கள். ரேடியோ பாதிக் காபியோடு பின்னால் வந்தான். கீழே ஆரஞ்சு வாசனை மூக்கை அடைத்தது. ஒரு கட்டடம் அளவுக்குத் தோல் குவிந்து கிடக்க, ஓடுகிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று பெண்கள் தோல்களில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன ஸ்டிக்கர்களை உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்ததை அவரவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டார்கள்.

"இங்க மோப்ப நாய் வந்தா வேலையை ராஜினாமா பண்ணிடும் அண்ணி" என்றான் ரேடியோ.

லேப் என்று பெயர்தானே தவிர அது பாத்திரம் பண்டம் அடுக்கிய சமையலறை மாதிரிதான் இருந்தது. எல்லோரும் லேப் அக்கா என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் தோல் வெடித்திருந்தது. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. அழவில்லை, கெஞ்சவில்லை. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்ததால் பாதி நேரம் இவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஊசிக்கு அது பிடித்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பெக்டினைத் தோலிலிருந்து பிரிக்க எல்லோரும் கடுமையான அமிலம் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்பது பெரும் தலைவலி. இவள் ஜூஸ் கடைகளில் இருந்து வருகிற எலுமிச்சைச் சக்கையின் புளிப்பை வைத்தே அந்த வேலையை முடித்துவிட்டாள். சொன்னால் ஒரு வரி. செய்ய ஏழு வருஷம். அத்தனையும் அந்த நோட்டில் இருக்கிறது. போன வாரம் முதலாளி கேட்டார் என்று கொடுத்தாள். உன் பெயர்தான் முதலில் வரும் என்று சொல்லித்தான் வாங்கினார். நேற்று விண்ணப்பத்தில் மாப்பிள்ளை பெயர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு மேலே போனாள். கொடுத்தபோது அதில் யார் கையெழுத்தும் இல்லை.

"நோட்டை முழுக்கப் பென்சில்லயா எழுதினீங்க?" என்று கேட்டாள் ஊசி.

"இங்க பேனா நிக்காது மேடம்."

அதற்குள் யாரோ கூப்பிட, அவள் கொதிகலனைப் பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்ததும் ஊசி விளம்பரத் தாளை எடுத்துக் காட்டினாள். அவள் மேலோட்டமாகப் படித்தாள்.

"மாதுளைத் தோல் பொடியில வாய் கொப்பளிச்சா ஈறுக்குக் கொஞ்சம் நல்லாருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முடிக்கு நான் ஒண்ணும் செய்யல" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு முதன்முறையாக ஊசியின் முகத்தைப் பார்த்தாள். "என் பொண்ணு கெமிஸ்ட்ரி படிக்கறா. அம்மா பேரு அதுல வரப்போகுதுன்னு காலேஜ் பூரா சொல்லி வச்சிருக்கா. இப்ப திருடின்னு எழுதிட்டீங்கன்னா, பேரும் வராது, இந்தத் தொழில்ல இன்னொரு கேட்டுக்குள்ள நான் கால் வைக்கவும் முடியாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க."

மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, லாக்கர் சாவியைத் தானே எடுத்து ஊசியின் கையில் வைத்தாள்.

*

மணி இரண்டரை. லாக்கர் வரிசை முன்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. பெல்ட்டை நிறுத்திவிட்டு ஸ்டிக்கர் பெண்கள் வந்து நின்றார்கள். முதலாளி இடுப்பில் கை வைத்து, தீர்ப்பு சொல்லக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். மாப்பிள்ளை வருத்தமான முகத்தோடு அவருக்கு ஓரடி பின்னால் நின்றார்.

ஊசி திறந்தாள். மேல்தட்டில் ஒரு துண்டு, ஒரு சீப்பு. கீழ்த்தட்டில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, மேலே போட்டி கம்பெனியின் விலாசம் ஒட்டியிருந்தது. ரேடியோ முதலில் போனில் படம் பிடித்தான், பிறகு காபிக் கப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினான். மூடியும் பக்கங்களும் கையோடு வந்தன. அடிப்பாகம் வரவில்லை. அது இருந்த இடத்தில் உருகின பசை மாதிரி ஒரு கட்டி தட்டோடு ஒட்டிக் கிடந்தது. கட்டிக்குள் படுத்தவாக்கில் ஒரு கண்ணாடிப் பாட்டில், மூடி கசிந்து பாதி காலி. அதன் கீழே, பசையில் புதைந்து, ஒரு நீல அட்டை நோட்டு.

"பெட்டிக்கு அடி எங்க போச்சு?" என்றான் ரேடியோ.

ஊசி பெட்டியைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தாள். இந்நேரம் துள்ளிக் குதித்திருக்க வேண்டிய ஆள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இடுப்பில் இருந்த கைகள் இறங்கிவிட்டன. பெட்டியைப் பார்த்தார், பிறகு மெல்லத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

பேசியவர் மாப்பிள்ளைதான். நம்ப முடியவில்லை என்றார். பதினைந்து வருஷம் சோறு போட்ட கம்பெனிக்கு இப்படியா என்றார். "மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் நோட்டை அழிக்கறதுக்கு ஆசிட்டை ஊத்திருக்காங்க மேடம். பாருங்க, பெட்டியே கரைஞ்சு போச்சு."

"எந்த ஆசிட்?" என்று கேட்டாள் ஊசி.

மாப்பிள்ளை கட்டியை எட்டிப் பார்த்தார். ஏதோ கடுமையான ஆசிட், சோதித்தால் தெரியும் என்றார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கண்மூடலில் ஊசிக்குப் பாதி விளங்கியது. கேட்டில் நிரம்பி வழிந்த தொட்டி ஞாபகம் வந்ததும் மீதியும் விளங்கியது. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. பிடிக்காத ஆள்தான் திருடன் என்று காலையிலேயே முடிவு கட்டிவிட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டைப் பார்த்தும் பார்க்காமல் விட்டது அவள் தப்பு. தோலோடு தோலாக நாலு வருஷம் கிடந்தவன் கோட்டில் ஒரு கறைகூடவா இருக்காது?

குனிந்து ரேடியோவின் கப்பை எடுத்தாள். மிச்சக் காபியைத் தரையில் கொட்டினாள். கப்பையும், கட்டியிலிருந்து பிடுங்கிய பாட்டிலையும் மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"எண்ணெயில கொஞ்சம் சாட்சிக்கு வேணும். உங்க கையால இதுல ஊத்திக் குடுங்க. நீங்கதான இதைக் கண்டுபிடிச்சவரு."

மாப்பிள்ளை பணிவாக வாங்கிக்கொண்டார். பாட்டில் கப்பின்மேல் சாய்ந்தபோது, ஸ்டிக்கர் பெண்கள் பத்துப் பேரும் யாரும் சொல்லாமலே ஒரே சமயத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். லேப் அக்கா நகர்ந்தாள். முதலாளியும் நகர்ந்தார். நகராமல் நின்றவர் மாப்பிள்ளை ஒருவர்தான். எண்ணெய் கப்பின் முக்கால் வரை வந்தது. அதற்குள் கப்பின் அடி குழைந்து தொங்கியது, பிறகு மொத்தமாகக் கழன்று, எண்ணெயோடு அவர் கால்சட்டையிலும் பளபளவென்ற ஷூவிலும் விழுந்து ஒட்டிக்கொண்டது. மேல் வளையம் மட்டும் கையில் மிஞ்சியது.

"ஆசிட் இல்ல சார், ஆரஞ்சு" என்றான் ரேடியோ. "உங்க சொந்தக் கண்டுபிடிப்பு. அப்பனை அடையாளம் தெரியாம கடிச்சிருச்சு."

ஊசி சுருக்கமாகச் சொன்னாள். தோல் எண்ணெய் தெர்மாகோலைக் கரைக்கும். இந்தக் கம்பெனியில் தரை கூட்டுகிறவளுக்கும் அது தெரியும். அதனால்தான் பன்னிரண்டு வருஷமாக ஒரு டீ கப்பைக்கூட வாட்ச்மேன் உள்ளே விடுவதில்லை. அப்படியிருக்க, எண்ணெய்ப் பாட்டிலைத் தெர்மாகோல் பெட்டியில் பத்திரப்படுத்துகிற ஆள் யார்? அந்தக் கேட்டில் ஒருநாளும் நுழையாதவர். தெருப்பக்க வாசலில் காரில் வந்து இறங்கி, மாடியிலேயே காபி குடித்து, மாடியிலிருந்தே போய்விடுகிறவர். சாவிப் பலகை அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. லேப் அக்காவைத் திருடியாக்கிவிட்டால், நோட்டு என்னுடையது என்று அவள் சொல்வதை யாரும் நம்பப் போவதில்லை. பாட்டில் உடையக் கூடாது என்று பொறுப்பாகப் பெட்டி தேடியிருக்கிறார், பாவம்.

கப்புச் சட்டம் போட்டது யார் என்று முதலாளியைக் கேட்டாள். நான்தான் என்று முனகினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கடன் கொடுக்க வந்த பாங்க் அதிகாரிகள் முன்னால், முதல் எண்ணெயைத் தானே ஒரு தெர்மாகோல் கப்பில் ஊற்றிக் காட்டினாராம். அது அதிகாரியின் கடன் பைலில் போய் விழுந்ததாம். அந்த வெட்கத்தில் காரணம் சொல்லாமல் சட்டம் போட்டாராம்.

*

முதலாளி ஊசியைத் தனியே எடைமேடைப் பக்கம் கூட்டிப் போனார். குரல் அடியோடு மாறியிருந்தது. ஒரே மகள், மாப்பிள்ளை அவமானப்பட்டால் அவள் வாழ்க்கை என்ன ஆகும், இது வீட்டு விஷயம். நோட்டு கிடைத்தது என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதினால் போதும். லேப் பெண்ணை நல்லபடியாக ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம், போலீஸ் வேண்டாம். விண்ணப்பம் ஏற்கெனவே பேசினபடி மாப்பிள்ளை பெயரிலேயே போகட்டும்.

"எனக்கு ஒரே பொண்ணு மேடம்" என்றார்.

ஊசி அவரை நிதானமாகப் பார்த்தாள். இந்த ஆள் திருடன் இல்லை என்பதில் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கொஞ்சம் சங்கடப்பட்டிருந்தாள். இப்போது அந்தச் சங்கடம் போய்விட்டது. திருட்டு விஷயத்தில்தான் அவள் கணக்குத் தப்பு. ஆள் விஷயத்தில் தொலைபேசியிலேயே சரியாகக் கணித்திருந்தாள்.

"அவங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு" என்றாள். "என் ரிப்போர்ட்ல பெட்டி எதுல செஞ்சதுன்னு ஒரு வரி வரும். யார் சொன்னாலும் அது போகாது."

முதலாளி பதில் சொல்வதற்குள் வக்கீல் வந்துவிட்டார். மெலிந்த மனிதர், கையில் ஒரு பை, முகத்தில் அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரம். நோட்டு எங்கே என்றார். எல்லோரும் பசைக் கட்டியைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை இன்னும் தோற்றுப்போகத் தயாராக இல்லை. பெட்டியைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நோட்டைப் பிரித்துப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து இருக்கும் என்று வக்கீலிடம் சொன்னார். ஒட்டின கால்சட்டையோடு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துதான் சொன்னார்.

"பிரிச்சுக் குடுக்கவா சார்?" என்று லேப் அக்கா வக்கீலைக் கேட்டாள்.

பிரியுங்கள், சீக்கிரம் பிரியுங்கள் என்று அவசரப்படுத்தியவரும் மாப்பிள்ளைதான். அவள் ஒரு அகலமான எவர்சில்வர் தட்டில் கட்டியை வைத்தாள். மேலே தோல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். பசை இளகி வழிந்தது. அட்டையை விரலால் நெம்பித் திறந்து, ஒவ்வொரு தாளாக எண்ணெயில் அலசி, வழித்து, தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். பதினைந்து வருஷக் கை. ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

முதல் தாள் வக்கீலின் முன்னால் விரிந்தது. பென்சில் எழுத்து நேற்று எழுதியது போல இருந்தது, கோடு கோடாக, எண் எண்ணாக. கீழ் மூலையில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். இரண்டாவது தாளிலும் அப்படித்தான். மூன்றாவதிலும். தட்டில் இருந்த எண்ணெய் மட்டும் மெல்ல நீலமாகிக்கொண்டு வந்தது.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கையெழுத்து இருக்குன்னு சொன்னீங்களே, எங்க?"

"தட்டுல இருக்கு சார்" என்றான் ரேடியோ. "வேணும்னா பாட்டில்ல பிடிச்சுத் தரோம்."

பால்பாயிண்ட் மையை இந்த எண்ணெய் துடைத்து எடுத்துவிடும். பென்சிலை ஒன்றும் செய்யாது. இங்க பேனா நிக்காது என்று அவள் சொன்னதன் அர்த்தம் ஊசிக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. மாப்பிள்ளை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை கை வலிக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அத்தனையையும் அவரே வைத்த பாட்டில் ராத்திரியோடு ராத்திரியாக ஊறவைத்துவிட்டது.

வக்கீல் சுற்றிவளைத்துப் பேசவில்லை. கண்டுபிடித்தவர் என்று பொய்யான ஆளைப் போட்டால், பின்னால் எவனாவது கேள்வி கேட்கும்போது காப்புரிமை மொத்தமாகவே விழுந்துவிடும், அதற்குத் தான் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றார். நாற்பதாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார். மாப்பிள்ளை ஷூவைப் பார்த்தார். லேப் அக்கா சக்கை எத்தனை, தண்ணீர் எத்தனை, எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

முதலாளி அரை நிமிடத்தில் கட்சி மாறினார். இது அந்த அம்மாவின் உழைப்பு என்று நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று வக்கீலிடம் சொன்னார். மகளின் வாழ்க்கை, வீட்டு விஷயம் எல்லாம் எடைமேடையோடு நின்றுவிட்டது. காப்புரிமையே விழுந்துவிடும் என்றதும் மாப்பிள்ளை ஒரு சுமையாகிவிட்டார். ஊசி வாழ்க்கையில் எத்தனையோ ஆட்களை வெறுத்திருக்கிறாள், ஆனால் இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு நிறைய வெறுக்க யாரும் இடம் கொடுத்ததில்லை.

வக்கீல் விண்ணப்பத்தை மேசைமேல் விரித்து, பேனாவைத் திறந்து, லேப் அக்காவிடம் நீட்டினார். "பேரை எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்கம்மா. சீக்கிரம், எனக்கு நேரமாச்சு."

அவள் பேனாவைத் தொடவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள். மணிக்கட்டு வரை எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"கை கழுவிட்டு வரேன் சார். இந்தக் கையோட தொட்டா நிக்காது."

குழாய் கட்டடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அவள் அவசரப்படாமல் நடந்து போனாள். சோப்புப் போட்டாள், கழுவினாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடியும் சோப்புப் போட்டாள். நேரமாகிவிட்ட வக்கீல் திறந்த பேனாவோடு நின்றார். மாப்பிள்ளை தரையோடு ஒட்டிக்கொண்ட ஷூவோடு நின்றார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார், ஊசியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லாத ஊசி அன்று காத்திருந்தாள், சந்தோஷமாகவே காத்திருந்தாள்.

லேப் அக்கா மூன்றாவது தடவையும் கழுவி, லாக்கரில் இருந்த தன் துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேனாவை வாங்கினாள். கண்டுபிடித்தவர் என்று இருந்த இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒரு விரலை எழுத்தின்மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள்.

மை நின்றது.